கம்பும் தொப்பியும் நூறு யென்னும்

முதல் நாள்

இன்று காலை ஒரு மூதாட்டியின் முகம் வாடும்படி நடந்துகொண்டேன். அதைச் சொல்லுமுன் எங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் மிகச் சிறியது சிகோகு. தீவைச் சுற்றி 88 கோயில்கள். எல்லாவற்றையும் நடந்தே கும்பிட்டு முடித்தால் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். 774இல் இந்தத் தீவில் பிறந்து, 804இல் சீனாவுக்குக் கப்பலேறி, ஷிங்கோன் என்னும் பௌத்தப் பிரிவோடு திரும்பிய துறவி கூகாயின் தடம் இது என்பது நம்பிக்கை. மறைந்து பல ஆண்டுகள் கழித்து அவருக்குக் கிடைத்த பட்டம் கோபோ தைஷி. இங்குள்ளவர்கள் அடுத்த தெருப் பெரியவரைப் பற்றிப் பேசுவதுபோல 'ஒதைஷி-சான்' என்கிறார்கள்.

முழுச் சுற்றுக்கு நாற்பது ஐம்பது நாளாவது வேண்டும். என் கையில் இருப்பது ஐந்து. எனவே பதினேழு கோயில்களோடு நிறுத்திக்கொள்ளப் போகிறேன். இப்படித் துண்டு துண்டாக வந்து பல ஆண்டுகளில் முடிப்பவர்கள் நிறைய உண்டு என்பதால் எனக்குக் கூச்சமில்லை.

முதல் கோயில் ரியோசென்ஜி. இந்தியாவைக் குறிக்கும் 'ஜிகு', ஜப்பானைக் குறிக்கும் 'வா' இரண்டும் சேர்ந்து அதன் மலைப்பெயர் ஜிகுவாசான். புத்தர் உபதேசித்த ராஜகிருகத்துக் கழுகுமலையைக் கூகாய் இங்கே கண்டார் என்று கதை. அங்கேயே வெள்ளை மேலாடை, கோரைத் தொப்பி, கம்பு, பெயர்ச்சீட்டுக் கட்டு எல்லாம் வாங்கினேன். கம்பின் தலையில் சித்தம் என்னும் பழைய லிபியில் வடமொழி எழுத்துகள் இருக்கின்றன. தொப்பியில் எழுதியிருப்பது 'இருவர் சேர்ந்து நடக்கிறோம்' என்பது. இரண்டாமவர் தைஷி. கம்புதான் அவர்.

சன்னிதியில் ஒரு குடும்பம் இதய சூத்திரம் என்னும் பௌத்த நூலை ஓதிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் புரியவில்லை. கடைசியில் 'போஜி சோவாகா' என்று முடித்தபோது நிமிர்ந்தேன். போதி ஸ்வாஹா! இந்தியாவிலிருந்து சீனா வழியாக இத்தனை நூற்றாண்டுகள் நடந்து வந்த களைப்பு அந்தச் சொல்லில் தெரிந்தது.

இனி அந்த மூதாட்டி. இரண்டாம் கோயிலுக்கும் மூன்றாவதுக்கும் இடையில், பழம் மட்டும் மிஞ்சி இலை உதிர்ந்து நின்ற சீமைப்பனிச்சை மரத்தடியில் ஒரு பெஞ்சு. எண்பதைத் தாண்டியவர். என்னைப் பார்த்ததும் 'ஓஹென்ரோ-சான்!' என்று கூப்பிட்டார். யாத்ரீகரே என்று பொருள். ஏப்ரன் பையிலிருந்து காகிதத்தில் மடித்த எதையோ எடுத்து நீட்டினார். பிரித்தால் நூறு யென் நாணயம்.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்துப் பிழைத்தவன். ஒரு காப்பிக்குக்கூட யாருக்கும் கடன்படுவது பிடிக்காது. என்னைவிட இருபது வயது மூத்தவரிடம், அதுவும் காசு வாங்குவதா? வேண்டாம் என்று கையசைத்தேன். மறுபடி நீட்டினார். மறுபடி மறுத்தேன். மூன்றாம் முறை நாணயத்தை அவர் கையிலேயே வைத்து மூடிவிட்டு, பெரிய மனிதனாக வணங்கிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் மூடிய கையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

ஆறாம் கோயிலான அன்ராகுஜியின் தங்குமிடத்தில் இரவு உணவின்போது எதிரில் இருந்தவருக்கு இது மூன்றாம் சுற்று. பெருமையாக நடந்ததைச் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். "அது உங்களுக்குத் தந்ததல்ல. நடக்க முடியாதவர்கள் உங்கள் கையில் கொடுத்தனுப்புகிறார்கள். பெயர் ஒசெட்டாய். மறுக்கக் கூடாது. திருப்பிக் கொடுக்கவும் கூடாது. உங்கள் பெயர்ச்சீட்டு ஒன்றைக் கொடுத்தால் போதும்" என்றார்.

சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் நாள்

சாலைகள் தட்டையாக இருந்தன. ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் விரைவாக முடிந்தன. ஒவ்வொரு கோயிலிலும் 500 யென் கொடுத்தால் யாத்திரைப் புத்தகத்தில் தூரிகையால் எழுதி, சிவப்பு முத்திரைகள் வைத்துத் தருகிறார்கள். எழுதுபவரின் மணிக்கட்டைப் பார்ப்பதற்கே கொடுக்கலாம்.

பத்தாவது கிரிஹதாஜி, 333 படிகள். அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் அம்மையார் என் முதுகுப் பையைச் சுட்டிக்காட்டி, தரையைச் சுட்டிக்காட்டினார். வைத்துவிட்டுப் போ என்கிறார். பாஸ்போர்ட், பணம் எல்லாம் அதில். ஒரு நொடி யோசித்தேன். நேற்றைய பாடம் நினைவுக்கு வந்தது. வைத்தேன். ஏறும்போது இருபது படிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். பாடம் அவ்வளவுதான் ஏறியிருந்தது.

இந்தக் கோயிலின் பெயருக்கு 'துணி வெட்டியது' என்று பொருள். கிழிந்த ஆடைக்கு ஒட்டுப்போட ஒரு துண்டுத் துணி கேட்டாராம் கூகாய். தறியில் நெய்துகொண்டிருந்த பெண் யோசிக்காமல் பாதியில் நின்ற புதுத்துணியையே வெட்டிக் கொடுத்துவிட்டாளாம். எனக்கு அந்தக் கதையில் வியப்பு அவளைப் பற்றி அல்ல. வாங்கிக்கொண்டாரே, அதுதான். நானாக இருந்தால் 'ஐயோ, பழந்துணி போதுமம்மா' என்று அரை மணி நேரம் வாதாடியிருப்பேன்.

பிற்பகலில்தான் பெரிய அபத்தம். சாலையோரக் கடை ஒன்றில் சோற்றுருண்டை வாங்கித் தின்றுவிட்டு யோஷினோ ஆற்றை நோக்கி நடந்தேன். இரண்டு கிலோமீட்டர் போயிருப்பேன். பின்னால் சைக்கிள் மணி. பள்ளிச் சீருடையில் ஒரு பையன், மூச்சிரைக்க, ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் என் கம்பு. கடை வாசலில் குடை வைக்கும் தொட்டியில் கம்பைச் செருகிவிட்டு மறந்து வந்திருக்கிறேன். கோபோ தைஷியைக் குடைகளோடு குடையாக நிறுத்திவிட்டு, இருவர் சேர்ந்து நடக்கிறோம் என்று தொப்பியில் எழுதிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர்!

பையன் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் கம்பை நீட்டினான். பெயர்ச்சீட்டு கொடுத்தேன். அதில் தமிழில் என் பெயரைப் பார்த்துவிட்டுத் தலைகீழாகத் திருப்பினான், மறுபடி நேராக்கினான். "இந்தியா" என்றேன். "கறி!" என்றான். மகிழ்ச்சியாகத் திரும்பிப் போனான்.

ஆற்றைக் கடப்பது கைப்பிடிச் சுவர் இல்லாத தாழ்வான பாலத்தில். வெள்ளம் வந்தால் பாலம் நீருக்குள் மூழ்கிவிடும். சுவர் இருந்தால்தானே மரமும் சருகும் சிக்கிப் பாலத்தை உடைக்கும். இல்லாததால் எல்லாம் மேலே ஓடிவிடுகின்றன. கார் ஒன்று எதிரே வந்தது. நான் விளிம்பில் ஒதுங்கினேன். ஓட்டியவர் எஞ்சினையே அணைத்துவிட்டு நான் கடக்கும்வரை காத்திருந்தார். பாலத்தில் கம்பை ஊன்றக் கூடாது. ஒரு குளிர் இரவில் தங்க இடம் கிடைக்காமல் தைஷி பாலத்தடியில் படுத்தாராம். இன்னும் எந்தப் பாலத்தின் கீழும் அவர் தூங்கிக்கொண்டிருக்கலாம். கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெதுவாகவே நடந்தேன். ஏற்கெனவே இன்று அவரிடம் கெட்ட பெயர்.

மாலை விடுதிக்குப் போனால் என் முன்பதிவு நாளைய தேதியில் இருந்தது. தவறு என்னுடையது. இடமும் இல்லை. விடுதி அம்மையார் என்னை உட்காரவைத்து, முதலில் கம்பின் அடியைக் கழுவித் துடைத்து மூலையில் நிறுத்தினார். வந்தவரில் பெரியவர் கம்பு என்பதால் அதற்கே முதல் உபசாரம். பிறகு நான்கு இடங்களுக்குத் தொலைபேசியில் பேசி, அறை பிடித்து, வரைபடம் வரைந்து கொடுத்தார். அவருக்கு இதில் ஒரு யென் வருமானமில்லை. மேஜையில் நூறு யென் வைக்கலாமா என்று கை பரபரத்தது. சீட்டை வைத்தேன்.

மூன்றாம் நாள்

கால் பேசினால் கெட்ட வார்த்தைதான் பேசும். சுருக்கமாக எழுத நினைத்தேன், முடியாது போலிருக்கிறது.

பதினொன்றாம் கோயிலான ஃபுஜீதேராவின் பின்புறமே மலைப்பாதை தொடங்குகிறது. பன்னிரண்டாவதான ஷோசான்ஜிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர். எண் சிறியது. ஆனால் இந்த வழிக்கே 'யாத்ரீகரை உருட்டிவிடும் ஏற்றம்' என்று பெயர். ஏறி ஏறி ஓர் உச்சிக்குப் போனபின், சம்பாதித்த உயரத்தில் ஏறக்குறைய முந்நூறு மீட்டரை இறங்கித் தொலைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். மரக்கிளைகளில் யாரோ சின்னச் சின்னப் பலகைகளைக் கட்டியிருக்கிறார்கள். கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். 'இன்னும் கொஞ்சம்' என்று ஒன்று. ஒரு மணி நேரம் கழித்து மற்றொன்று, அதுவும் 'இன்னும் கொஞ்சம்'. எழுதியவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நடுவழியில் ஜோரென்-ஆன் என்ற சிறு கோயில். படிகளின் உச்சியில் பெரிய தேவதாரு மரம், அதன் முன்னால் ஆளைவிடப் பெரிய கூகாய் சிலை. படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்ற, இடது குதிகாலில் நாணயம் அளவுக்குக் கொப்புளம். அருகில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, அறுபது வயதிருக்கும், சோற்றுப் பொட்டலத்தை மூடிவிட்டு வந்தார். காலுறையையும் கழற்று என்று சைகை. அந்நியர் ஒருவர் கையில் என் பாதத்தைக் கொடுத்தது இதுவே முதல் முறை. ஊசியைத் தீயில் காட்டி, குத்தி, நீரை வடித்து, நாடா ஒட்டினார். பிறகு என் காலணியின் முனையை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சிறியதாம். கடைக்காரர் சரியான அளவு என்று சொன்ன காலணி, தட்டையான தரையில் மட்டும் சரியான அளவு.

தன் பையிலிருந்து புதுக் காலுறை ஒரு ஜோடி எடுத்து நீட்டினார். ஐந்து விரலுக்கும் தனித்தனி அறை வைத்தது. 'வே' என்று வாய் தொடங்கிவிட்டது. 'ண்டாம்' என்பதை விழுங்கினேன். அதை மாட்டுவதற்கு, ஐந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுமை வேண்டும். மாட்டியபின் விரல்கள் ஒன்றையொன்று உரசவில்லை.

நான் என் வெள்ளைச் சீட்டைக் கொடுக்க, அவர் தம் சீட்டைத் தந்தார். சிவப்பு. நான்கு சுற்றுவரை வெள்ளை, எட்டுச் சுற்று ஆனவர்களுக்குச் சிவப்பு, ஐம்பதுக்குத் தங்கம், நூற்றுக்கு மேல் பட்டுச் சரிகை. அவருக்கு இது பதினொன்றாம் சுற்று. ஏன் இத்தனை முறை என்று கேட்டேன். கைபேசி அவர் பதிலை 'மறந்துவிடுகிறேன், அதனால் வருகிறேன்' என்று மொழிபெயர்த்தது. கைபேசியின் பிழையா, அவர் சொன்னதே அதுதானா தெரியவில்லை. நான் அசைபோட்டுக்கொண்டே எழுவதற்குள் அவர் வளைவில் மறைந்துவிட்டார்.

ஷோசான்ஜியில் சேரும்போது மணி மூன்றரை. தீயை உமிழ்ந்த பாம்பைக் கூகாய் அடக்கிய மலை. எனக்கு அடக்க எதுவும் மிச்சமில்லை. முத்திரை வாங்கிக்கொண்டு இறங்கினேன். அரைவெளிச்சத்தில் ஜோஷின்-ஆன் வந்தது. அங்கே ஒரு வெண்கலச் சிலை: நிற்கும் கூகாய், அவர் முன்னால் மண்டியிட்டிருக்கும் ஒருவர். எமோன் சபுரோ.

இவர் பெரும் செல்வந்தர். பிச்சை கேட்டு வந்த துறவியை நாள்தோறும் விரட்டினார். எட்டாம் முறை துறவியின் பிச்சைப் பாத்திரத்தை அடித்து எட்டுத் துண்டாக்கினார். அதன்பின் செல்வந்தரின் எட்டுப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக மாண்டனர். வந்தவர் யாரென்று புரிந்ததும், சொத்தை விட்டு, மன்னிப்புக் கேட்கத் தேடிக் கிளம்பினார். இருபது முறை தீவைச் சுற்றியும் பிடிக்க முடியவில்லை. இருபத்தொன்றாம் முறை எதிர்த்திசையில் சுற்றி, சாகும் நிலையில் இந்த இடத்தில் கண்டுகொண்டார். இந்த யாத்திரையே அவரிலிருந்து தொடங்கியது என்பார்கள்.

பிள்ளைகளை எடுத்துக்கொண்ட பகுதி எனக்கு ஒப்பவில்லை. பிச்சை போடாததற்கு அவ்வளவு தண்டனையா? ஆனால் சிலைக்கு முன்னால் நின்றபோது எண்ணம் அங்கே நிற்கவில்லை. கொடுக்க மறுத்தவர் அவர். வாங்க மறுத்தவர்களுக்கு என்ன கதை வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே இருட்டுக்கு முன் விடுதிக்கு இறங்கினேன்.

நான்காம் நாள்

மழை. காலையில் விடுதிக்காரர் கட்டணத்துக்குச் சில்லறை கொடுத்துவிட்டு, வாழ்த்துபோல இரண்டு சோற்றுருண்டைகளைக் கையில் வைத்தார். இன்னும் சூடு ஆறவில்லை. சீட்டு கொடுத்தேன். இப்போதெல்லாம் சீட்டு எடுக்கும் வேகம் கூடியிருக்கிறது.

கமியாமா பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டி இருபது கிலோமீட்டர் இறக்கம். நீர் வழியும் தொப்பியின் விளிம்புக்குள் உலகம் இரண்டு மீட்டர்தான். சின்ன லாரி ஒன்று பக்கத்தில் நின்றது. பின்னால் முட்டைக்கோஸ், கண்ணாடியை இறக்கினால் ரப்பர் பூட்ஸ் போட்ட பெரியவர். ஏறு என்கிறார்.

இது தர்மசங்கடம். ஒசெட்டாயை மறுக்கக் கூடாது. நடப்பதாகச் சொல்லி வந்தவன் வண்டியிலும் ஏறக் கூடாது. 'அருகி ஹென்ரோ' என்றேன், நடக்கும் யாத்ரீகன். மூன்று முறை தலைகுனிந்தேன். அவர் என்னையும் மழையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'ஓ' என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார். மறுபடியுமா என்று மனம் சோர்ந்தது. முக்கால் மணி நேரம் சாலையில் என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

யாத்ரீகர்களுக்கான மரக் குடில் ஒன்று வந்தது. வாசலில் முட்டைக்கோஸ் லாரி. உள்ளே அவர், மடியில் உலர்ந்த துண்டு, கையில் சூடான டப்பாக் காப்பி. எவ்வளவு நேரமாகக் காத்திருந்தாரோ. இருவரும் பேசவில்லை. நான் காப்பியைக் குடித்து முடிக்கும்வரை மழையைப் பார்த்தார். சீட்டைச் சட்டைப் பையில் நனையாமல் வைத்துக்கொண்டு, வந்த திசையிலேயே லாரியைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் வீடு அந்தப் பக்கம்தான் போலும்.

இரவு நாணயச் சலவை இயந்திரத்தின் முன் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஐந்து விரல் காலுறை கண்ணாடிக்குள் கைகாட்டிக்கொண்டே சுற்றுகிறது.

ஐந்தாம் நாள்

பதின்மூன்று முதல் பதினேழுவரை அடுத்தடுத்து இருக்கின்றன. பதினான்காவது ஜோராகுஜியின் முற்றம் இயற்கையான பாறை. ஓடும் நீர் உறைந்ததுபோல மேடும் பள்ளமும். மற்ற மூன்றும் மழைக்குப்பின் பளிச்சென்று இருந்தன, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பதினேழாவது இதோஜி, கிணற்றுக் கோயில். நல்ல தண்ணீர் இல்லாத ஊருக்காகக் கூகாய் தம் கம்பால் ஒரே இரவில் தோண்டியதாம். எட்டிப் பார்க்கும்போது முகம் தெரிந்தால் நலம். தெரியாவிட்டால் மூன்று ஆண்டுக்குள் கேடு. பார்த்தேன். சவரம் செய்யாத தாடி, கோணல் தொப்பி. தெரிந்தவரை போதும்.

மணி பன்னிரண்டு. மாலைவரை வேலையில்லை. தொகுஷிமா நகரத்துக்குப் போய்க் குளித்து, நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ரயிலேறலாம் என்பதுதான் திட்டம். அதற்குப் பதிலாக, சாகோவில் ரயில் மாறி, மூன்றாம் கோயிலுக்குப் பக்கத்து நிலையமான இதானோவில் இறங்கினேன். அங்கிருந்து இரண்டாம் கோயிலை நோக்கி எதிர்த்திசையில் நடந்தேன். வழிகாட்டும் அம்புக்குறிகள் எல்லாம் என் முகத்துக்கு நேராக இருந்தன. எமோன் சபுரோவுக்கு இருபது சுற்று தேவைப்பட்டது. எனக்கு ரயில் இருந்தது.

மரம் இருந்தது. பெஞ்சு இருந்தது. அவர் இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று கைபேசியில் ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன்: 'அன்றைக்கு மறுத்தது என் அறியாமை, பொறுத்துக்கொள்ள வேண்டும்.' அதை நான்கு முறை திருத்தினேன்.

வீட்டுப் பக்கவாட்டிலிருந்து துடைப்பத்தோடு அவர் வந்தார். முகம் மலர்ந்தது. "ஓஹென்ரோ-சான்!"

எழுந்து நின்றேன். கைபேசியை எடுப்பதற்குள் அவர் கை ஏப்ரன் பைக்குள் போய்விட்டது. அதே மடிப்பில் அதே காகிதம். அவர் கண்ணில் என்னைத் தேடிப் பார்த்தேன். நான் அங்கே இல்லை. நாளுக்கு எத்தனை வெள்ளைச் சட்டைகள் இந்த வழியாகப் போகின்றனவோ. ஐந்து நாளாக மலையேற்றத்திலும் மழையிலும் நான் சுமந்துவந்த காலை வேளை, அவரிடம் இல்லவே இல்லை.

கைபேசியைப் பைக்குள் போட்டேன். இரண்டு கையாலும் வாங்கினேன். சீட்டு கொடுத்தேன். அவர் அதை நெற்றியில் வைத்துக்கொண்டு, பிறகு நான் வந்த சாலையையும் போகும் திசையையும் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"எதிர்ச்சுற்றா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

சட்டைக் கையைப் பிடித்து என்னை அரைவட்டமாகத் திருப்பி நிறுத்தினார். மூன்றாம் கோயில் அந்தப் பக்கம் என்று துடைப்பத்தால் காட்டினார். இதானோ நிலையமும் அந்தப் பக்கம்தான், நல்லவேளை. நடந்தேன். வளைவுக்குமுன் திரும்பிப் பார்த்தேன். நான் மறுபடி வழி தவறிவிடுவேனோ என்று, துடைப்பத்தை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.